முதலில் நீ போய்ப் பேசு

பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு – முதல் ஆண்டு
வாசகங்கள்: எசேக்கியேல் 33:7-9, உரோமையர் 13:8-10, மத்தேயு 18:15-20



நம் ஆண்டவர் சண்டையே வராத ஒரு சபையைக் கனவு கண்டு பேசியவர் இல்லை. மனிதர்கள் சேர்ந்து வாழும் இடத்தில் மனத்தாங்கல் வரும் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இன்றைய நற்செய்தியில் படிப்படியாகச் சொல்லித் தருகிறார். முதலில் நீயே போ, தனியாகப் போ, அவரும் நீயும் மட்டும் இருக்கும்போது பேசு. கேட்கவில்லையென்றால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேட்கவில்லையென்றால் திருச்சபையிடம் சொல். இந்த மூன்று படியிலும் அவருடைய நோக்கம் ஒன்றே ஒன்றுதான். வழக்கில் நீ ஜெயிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. உன் சகோதரர் உனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்கிறார்.

இந்தப் பகுதியை நாம் வழக்கமாக வரப்புத் தகராறுக்கும், பங்காளிச் சண்டைக்கும், மாமியார் மருமகள் மனஸ்தாபத்துக்கும் பொருத்திக் கேட்டிருக்கிறோம். இன்று அதை அரசியலுக்குப் பொருத்திப் பார்க்கும்படி உங்களைக் கேட்கிறேன். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று இந்தப் பீடத்திலிருந்து நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் மனச்சான்றுக்குரிய காரியம். ஆனால் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த பிறகு, வேறு கட்சிக்குப் போட்ட அண்ணனிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் எப்படிப் பேசுகிறோம், எப்படிப் பேசாமல் இருக்கிறோம் என்பது நற்செய்திக்குரிய காரியம். அதைச் சொல்லாமல் விட்டால் நான் என் கடமையில் தவறியவன் ஆவேன்.

நம் ஜெயங்கொண்டம் பகுதி மக்களுக்கு அரசியல் மேல் உள்ள பற்று ஊரறிந்தது. நாலுரோட்டில் பேருந்துக்கு நிற்கும் பத்து நிமிடத்தில் நாலு கட்சியின் பேச்சு காதில் விழும். தறிக் குழியில் காலால் மிதித்துக்கொண்டே சட்டமன்றத்தில் நடந்ததை விலாவாரியாகச் சொல்லும் நெசவாளர்கள் இங்கே உண்டு. முந்திரிக் கொல்லையில் கொட்டை பொறுக்கும் பெண்களுக்கு எந்த அரசு எந்தத் திட்டத்தைக் கொடுத்தது, எதை நிறுத்தியது என்பது துல்லியமாகத் தெரியும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாட்டு நடப்பில் அக்கறை காட்டுவது கிறிஸ்தவக் கடமை. திருத்தந்தை பிரான்சிஸ் 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் அசிசி நகரில் கையெழுத்திட்ட ‘அனைவரும் உடன்பிறந்தோர்’ என்ற சுற்றுமடலில் ஓர் அதிகாரத்தை முழுக்க அரசியலுக்கும், அடுத்த அதிகாரத்தை உரையாடலுக்கும் ஒதுக்கினார். பிறரை அன்பு செய்யும் வழிகளுள் அரசியலும் ஒன்று என்பது திருச்சபையின் போதனை.

அப்படியானால் கெடுவது எங்கே? கருத்து மாறுபடும்போது கெடுவதில்லை. மாறுபடுகிறவர் நமக்குச் சகோதரர் என்பதை மறக்கிற இடத்தில் கெடுகிறது.

தறி போடுகிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பாவு நீளவாக்கில் ஓடுகிறது. ஊடை குறுக்கே ஓடுகிறது. இரண்டும் ஒரே திசையில் ஓடினால் நூல் குவியலாகக் கிடக்குமே தவிரச் சேலை ஆகாது. குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது குற்றமில்லை. அறுத்துக்கொண்டால்தான் நஷ்டம்.

பிரியமானவர்களே, நம் பகுதியில் இந்த நூல் எப்படி அறுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்குத் தமிழ்நாடு ஓட்டுப் போட்ட நாள் அது. நமக்குப் பெரிய வியாழன். தேதியை மாற்றும்படி கிறிஸ்தவர்கள் கேட்டும் மாறவில்லை. பகலில் பள்ளிக்கூட வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு, மாலையில் ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலிக்கு வந்தோம். ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, மண்டியிட்டு, தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் உட்பட எல்லாருடைய காலையும் கழுவியதை நினைவுகூர்ந்தோம். அதே நாளில் நம் அரியலூர் மாவட்டத்துச் செந்துறை வட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன.

சிதம்பரம் தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் தொல். திருமாவளவன் அப்போது பானைச் சின்னத்தில் நின்றார். எதிரணியில் அ.தி.மு.க. வேட்பாளர் நின்றார். பாட்டாளி மக்கள் கட்சி அந்தக் கூட்டணியில் இருந்தது. அன்று சாலையில் பானையைப் போட்டு உடைத்ததில் வாய்ச்சண்டை மூண்டதாகச் செய்திகள் வந்தன. சின்னத்தில் தொடங்கியது, குடியிருக்கும் வீட்டில் போய் முடிந்தது. சமைத்துச் சாப்பிட்டுப் பிள்ளைகளைத் தூங்க வைக்கும் வீடுகள் சேதமாயின. மே 23ஆம் நாள் ஓட்டு எண்ணி முடித்தபோது திருமாவளவன் 3,219 ஓட்டு வித்தியாசத்தில் வென்றிருந்தார். ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்கு அது கைப்பிடி அளவு. நம் தெருக்களில், நம் கிராமங்களில், ஏறக்குறைய பாதிப் பேர் இப்படியும் பாதிப் பேர் அப்படியும் நினைத்தார்கள் என்பதே அதற்கு அர்த்தம். மறுநாளும் அதே குழாயடியில் தண்ணீர் பிடிக்க வேண்டியவர்கள், அதே பேருந்தில் பிள்ளைகளை அனுப்ப வேண்டியவர்கள் இந்த இரண்டு பாதியும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2019இல் எதிரெதிர் அணியில் நின்ற விடுதலைச் சிறுத்தைகளும் பாட்டாளி மக்கள் கட்சியும் 2011 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கூட்டணியில் ஒரே அணியில் இருந்தன. இரண்டு கொடியும் ஒரே வண்டியில் பறந்தன. எட்டே ஆண்டுகளில் அணி மாறிவிட்டது. இனியும் மாறும். கூட்டணி மாறுவது தேர்தல் அரசியலின் இயல்பு, அதற்காகத் தலைவர்களை நான் குறை சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருப்பவர் மட்டும் மாறமாட்டார். நாளைக்கு உங்கள் வீட்டில் ஒரு துக்கம் என்றால் முதலில் ஓடி வந்து பந்தல் போடப் போகிறவர் அவர்தான். மாறிக்கொண்டே இருக்கும் கூட்டணிக்காக, மாறாத அண்டை வீட்டாரைப் பகைத்துக்கொள்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

அந்தப் பெரிய வியாழனுக்கு மூன்றாம் நாள் உயிர்ப்புப் பெருவிழா. நற்கருணை வாங்க வரிசையில் கைகூப்பி வந்தவர்களின் விரல்களை அன்று பார்த்தேன். இடது ஆள்காட்டி விரலில், நகத்தோடு சேர்த்து, எல்லாருக்கும் ஒரே மை. சிலருக்குக் கருநீலமாக, சிலருக்குப் பழுப்பேறி. எந்தச் சின்னத்தை அழுத்திய விரல் என்று அந்த மை காட்டிக்கொடுக்கவில்லை. தம் உடலைக் கொடுக்கும் முன் ஆண்டவரும் அதைக் கேட்கவில்லை. வந்த அத்தனை பேருக்கும் தம்மை முழுவதுமாகக் கொடுத்தார்.

இனி நற்செய்தியின் ஒரு கடினமான வரிக்கு வருகிறேன். எதற்கும் செவிசாய்க்காதவரைப் பிற இனத்தாரைப் போலவும் வரிதண்டுபவரைப் போலவும் வைத்துக்கொள் என்கிறார் ஆண்டவர். ஒதுக்கி வை, பேச்சை நிறுத்து, தள்ளி வை என்று இதற்குப் பொருள் கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் இதை எழுதி வைத்தவர் யார் என்று பாருங்கள். மத்தேயு. திருச்சபை மரபில் வழிவழியாக நாம் அறிந்த வரிதண்டிய மத்தேயு. அவரை ஆண்டவர் எப்படி நடத்தினார்? சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டார், அவர் வீட்டுக்குப் போனார், அவரோடு பந்தியில் உட்கார்ந்தார். வரிதண்டுபவரைப் போல நடத்து என்றால், இயேசு வரிதண்டுபவரை நடத்தியது போல நடத்து என்றுதான் கிறிஸ்தவன் புரிந்துகொள்ள முடியும். பேச்சுவார்த்தை முறிந்துபோன பிறகும் பந்தி மிச்சமிருக்கிறது.

அதே பன்னிருவரில் சீமோன் என்றொருவரும் இருந்தார். தீவிரவாதி என்ற அடைமொழியோடு நற்செய்தி அவரைக் குறிப்பிடுகிறது. உரோமை ஆட்சியை வெறுத்தவர்களையும், அதற்கு வரி கட்டுவதே பாவம் என்று கொதித்தவர்களையும் நினைவூட்டும் பெயர் அது. மத்தேயுவோ அந்த ஆட்சியின் கீழ் வரி வாங்கிப் பிழைத்தவர். இந்த இருவரையும் ஆண்டவர் ஒரே குழுவில் சேர்த்து, ஒரே பாதையில் நடக்க வைத்து, ஒரே அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். இரவில் அவர்களுக்குள் வாக்குவாதம் நடக்காமல் இருந்திருக்குமா? நிச்சயம் நடந்திருக்கும். ஒருவருக்காக மற்றவரை ஆண்டவர் வெளியே அனுப்பவில்லை.

ஆதித் திருச்சபையும் விவாதத்துக்கு அஞ்சவில்லை. திருத்தூதர் பணிகள் 15ஆம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். யூதரல்லாதவர்கள் கிறிஸ்தவர்களாக வேண்டுமானால் விருத்தசேதனம் செய்தாக வேண்டுமா, வேண்டாமா என்று எருசலேமில் பெரிய விவாதம். இரண்டு பக்கமும் பக்தியுள்ளவர்கள், இரண்டு பக்கமும் மறைநூல் படித்தவர்கள். நெடுநேரம் வாதிட்ட பிறகு பேதுரு எழுந்து பேசினார். பவுலும் பர்னபாவும் தாங்கள் நேரில் கண்டதைச் சொல்லும்போது கூட்டம் முழுதும் அமைதியாகக் கேட்டது. பிறகு யாக்கோபு எல்லாரும் ஏற்கக்கூடிய ஒரு வழியைச் சொன்னார். அதைக் கடிதமாக எழுதி, ஆள் அனுப்பி, சபைகளுக்குத் தெரிவித்தார்கள். மனம் திறந்து வாதிட்டார்கள், வாய் மூடிக் கேட்டார்கள், முடிவை எல்லாருக்கும் தெரியச் செய்தார்கள். நம் பங்குப்பேரவைக் கூட்டமும் கிராம சபைக் கூட்டமும் இப்படி நடந்தால் ஊர் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எல்லா வேறுபாடும் இப்படி நல்லபடியாக முடிந்துவிடாது என்பதையும் அதே அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. மாற்குவைக் கூட்டிப் போவதா வேண்டாமா என்ற கேள்வியில் பவுலும் பர்னபாவும் கடுமையாக மோதி, ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போனார்கள். ஆனாலும் இருவரும் நற்செய்திப் பணியை விடவில்லை. பிற்காலத்தில் சிறையிலிருந்து எழுதும் பவுல், அதே மாற்குவைத் தம்மிடம் அழைத்து வரும்படி கேட்கிறார். சில கோபங்கள் ஆற வருடங்கள் ஆகும். அதுவரை அவரவர் நல்ல காரியத்தைச் செய்துகொண்டிருக்கலாம். ஒருவர் பெயரை மற்றவர் கெடுக்காமல் இருந்தால் திரும்பி வர வழி அடைபடாது.

இங்கே ஒரு கேள்வி எழும். “சாமி, விட்டுக்கொடுத்துப் போ, சண்டை போடாதே என்று சொல்லி எங்களை வாயடைக்கப் பார்க்கிறீர்களா?” அடிபட்டவர்கள் இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கு இன்றைய முதல் வாசகமே பதில் சொல்கிறது. எசேக்கியேலைக் கடவுள் காவலாளியாக வைத்தார். ஆபத்து வருவதைக் கண்டும் குரல் கொடுக்காத காவலாளியிடம் அந்த இரத்தத்துக்குக் கணக்குக் கேட்பேன் என்றார். அமைதி என்ற பெயரில் அநியாயத்துக்கு முன்னால் வாய் மூடியிருப்பது பாவம்.

நம் பகுதியில் கட்சிக்கொடிக்குப் பின்னால் பல நேரம் சாதி மறைந்து நிற்கிறது. இதை உள்ளபடி சொல்லாமல் அரசியல் வேறுபாட்டைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. எந்த வரி கூட, எந்தத் திட்டம் நல்லது, எந்தத் தலைவர் திறமையானவர் என்பதெல்லாம் கருத்து வேறுபாடு. அதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கலாம். ஒரு மனிதரின் பிறப்பைக் காரணம் காட்டி அவர் வீட்டைத் தாக்குவது, தெருவில் நடக்கவிடாமல் செய்வது, தாழ்த்திப் பேசுவது எல்லாம் கருத்து வேறுபாட்டில் சேராது. அது குற்றம், கடவுளுக்கு முன்னால் பாவம். அதில் நடுநிலை என்று ஒன்று கிடையாது. திருச்சபைக்குள்ளும் இந்த நோய் இருக்கிறது. தேர் எந்தத் தெரு வரை வரும், கல்லறையில் யாருக்கு எந்தப் பக்கம் என்று தகராறு செய்துவிட்டு, ஊராரின் சாதிவெறியைக் கண்டிக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

அந்தியோக்கியாவில் நடந்ததைக் கலாத்தியருக்கு எழுதிய மடலில் பவுலே சொல்கிறார். யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்துபோய்த் தனிப்பந்திக்கு ஒதுங்கினார். திருச்சபையின் தலைவர் என்றும் பாராமல் பவுல் அவர் முகத்துக்கு நேரே, எல்லார் முன்னிலையிலும் எதிர்த்துப் பேசினார். தனியாகப் போய்ச் சொல் என்று ஆண்டவர் சொன்னது எனக்கு ஒருவர் செய்த தவற்றைப் பற்றி. எளியவர்களைப் பந்தியிலிருந்து தள்ளி வைக்கும் தவறு எல்லார் கண்முன்னும் நடந்தால், எல்லார் கண்முன்னும் கண்டிக்க வேண்டியதுதான். அப்போதும் பவுல் பேதுருவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். அவர் முதுகுக்குப் பின்னால் ஆள் சேர்க்கவில்லை. பேதுருவும் அதற்காகப் பவுலைச் சபையை விட்டுத் துரத்தவில்லை. இருவரும் உரோமையில் ஒரே கிறிஸ்துவுக்காக உயிர் கொடுத்தார்கள். ஜூன் 29ஆம் நாள் இருவருக்கும் சேர்த்து ஒரே விழா எடுக்கிறோம்.

நம் தமிழ்நாட்டு வரலாற்றிலும் இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. ராஜாஜியையும் பெரியாரையும் சொல்கிறேன். ஒருவர் பக்தர், மற்றவர் கடவுள் மறுப்பாளர். 1925இல் காங்கிரசை விட்டுப் பெரியார் வெளியேறிய பிறகு இருவரின் பாதையும் எதிரெதிராகப் போயிற்று. ராஜாஜியின் ஆட்சி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது எதிர்த்துப் போராடிய பெரியார், 1938இல் அந்த ஆட்சியிலேயே சிறைக்குப் போனார். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லிப் பெரியார் மூச்சுவிடாமல் எதிர்த்தார். மறு ஆண்டே ராஜாஜி பதவி விலகினார். இத்தனைக்கும் நடுவில், 1949இல் தம் சொந்த வாழ்வில் ஒரு பெரிய முடிவை எடுக்க வேண்டி வந்தபோது, பெரியார் திருவண்ணாமலையில் போய்ச் சந்தித்துப் பேசியது இதே ராஜாஜியோடுதான். 1972ஆம் ஆண்டு டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு நாளில், ராஜாஜி காலமானார். 93 வயதில், உடல் தளர்ந்த நிலையில் இறுதிச் சடங்குக்கு வந்த பெரியார் அழுதார். ஒருவருக்காக மற்றவர் கொள்கையில் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. நட்பையும் விட்டுக்கொடுக்கவில்லை. கடவுளை மறுத்தவராலேயே இது முடிந்தது என்றால், வாரந்தோறும் ஒரே அப்பத்தை உண்கிற நம்மால் ஏன் முடியாது?

நம் வீட்டு நிலைமையைப் பாருங்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பேர். நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டு குடும்பமாக இருக்கிறார்கள். தேர்தல் நேரத்தில் அண்ணன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு தலைவரைக் கேலி செய்யும் படம் போடுகிறார். தம்பி பதிலுக்கு ஒன்று போடுகிறார். மூன்றாவது பதிலில் பேச்சு தம்பி மனைவியின் பிறந்த வீட்டைத் தொடுகிறது. அன்று இரவு தம்பி குழுவிலிருந்து வெளியேறுகிறார். தேர்தல் முடிந்து, முடிவு வந்து, பதவி ஏற்பும் ஆகிவிட்டது. இன்றைக்கும் அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரையை யார் வாங்கி வருவது என்பதைக்கூடப் பேரப்பிள்ளைகளைத் தூது விட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். நீங்களும் இப்படி ஒரு வீட்டை அறிந்திருப்பீர்கள். சிலருக்கு அது சொந்த வீடாகவே இருக்கலாம். அண்ணன் சுவரைச் சுற்றி நடந்தால் தம்பி வீட்டு வாசல் முப்பது அடி. முதலில் நீ போ என்று ஆண்டவர் சொல்வது அந்த முப்பது அடியைத்தான்.

வீட்டுக்குக் கொண்டுபோக நாலு காரியம் சொல்கிறேன்.

முதலாவது, நேரில் பேசுங்கள். ஒருவர் சொன்னது உங்களைப் புண்படுத்தினால், இருநூறு பேர் பார்க்கும் குழுவில் பதில் போடாதீர்கள். கூட்டம் பார்க்கும்போது யாருக்கும் இறங்கிவர மனம் வராது. தனியாக உட்கார்ந்தால், “அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான்” என்று சொல்ல வாய் வரும். தனியாகப் போ என்ற கட்டளைக்குள் மற்றவரின் மானத்தைக் காப்பாற்றும் கரிசனம் இருக்கிறது.

இரண்டாவது, பதில் சொல்லும் முன் முழுதாகக் கேளுங்கள். அவர் சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொன்னால், “ஆமாம், அதைத்தான் சொன்னேன்” என்று அவர் தலையாட்ட வேண்டும். அந்த அளவுக்குக் கேட்ட பிறகு மறுத்துப் பேசுங்கள். பல சண்டைகள் அங்கேயே பாதியாகக் குறைந்துவிடும். அவர் ஏன் அந்தக் கட்சியில் இருக்கிறார்? அவர் பிள்ளைக்கு அந்தக் கட்சி ஆட்சியில் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கலாம். அவர் தெருவுக்கு முதல்முதலாகத் தார்ச்சாலை வந்திருக்கலாம். அவமானப்பட்டு நின்ற ஒரு நாளில் அந்தக் கட்சிக்காரர் ஒருவர் மட்டும் துணைக்கு வந்திருக்கலாம். காரணம் தெரிந்தால் மரியாதை தானே வரும்.

மூன்றாவது, கருத்தை எவ்வளவு வேண்டுமானாலும் எதிர்த்துப் பேசுங்கள். பிறப்பையும், வீட்டுப் பெண்களையும், உடல் குறையையும் இழுக்காதீர்கள். சகோதரனை இழித்துப் பேசுகிறவன் தண்டனைத் தீர்ப்புக்கு உள்ளாவான் என்று மலைப்பொழிவில் ஆண்டவர் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்சிக்காரர் பேசினார், நானும் பேசினேன் என்பது ஒப்புரவு அருளடையாளத்தில் செல்லாத சாக்கு.

நான்காவது, உண்மையா என்று தெரியாததை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பொய்ச்சான்று சொல்லாதே என்ற எட்டாம் கட்டளை கைப்பேசிக்கும் பொருந்தும். நமக்குப் பிடிக்காத தலைவரைப் பற்றிய பொய்யும் பொய்தான். நமக்குப் பிடித்த தலைவர் செய்த தவறும் தவறுதான். தாவீது அரசரின் அவையில் இருந்த நாத்தான் இறைவாக்கினர் அரசரின் பாவத்தை அவர் முகத்துக்கு நேரே சொன்னார். உங்கள் கட்சியில் நடக்கும் தவற்றை உங்கள் கட்சிக்குள்ளேயே தட்டிக் கேளுங்கள். அதற்குத் துணிவு உள்ளவர் மாற்றுக் கட்சியைக் குறை சொன்னால் அந்தப் பேச்சுக்கு எடை இருக்கும்.

இரண்டாம் வாசகத்தைக் கவனியுங்கள். உரோமையருக்கு எழுதும் பவுல், 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் அரசையும் வரியையும் பற்றிப் பேசுகிறார். அடுத்து அதே மூச்சில், ஒருவர் மற்றவருக்குச் செலுத்த வேண்டிய அன்பைத் தவிர வேறு எந்தக் கடனும் உங்களுக்கு இருக்க வேண்டாம் என்ற கருத்துக்கு வருகிறார். அரசுக்குக் கட்ட வேண்டிய வரியைக் கட்டிவிட்டால் கணக்கு முடிந்தது. அடுத்தவருக்குக் கட்ட வேண்டிய அன்புக் கணக்கு சாகும்வரை முடியாது. அவர் எந்தக் கட்சி என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

வேறுபட்டவர்கள் கூடி உழைத்தால் என்ன நடக்கும் என்பதை இந்த மண்ணே பார்த்திருக்கிறது. பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990களில் நம் வட்டாரக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. தொழில் வந்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். நிலம் போனால் பிழைப்பே போய்விடும் என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். இரண்டுமே பிள்ளைகளை நினைத்த கவலைதான். கொடுத்த இழப்பீடு போதாது என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறி இறங்கினார்கள். மனு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், ஒவ்வொரு தேர்தலிலும் வந்து நின்ற ஒவ்வொரு கட்சியிடமும் இதையே கேட்டார்கள். கடைசியில் அரசு திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை உரியவர்களிடமே திருப்பிக் கொடுக்க முடிவு செய்தது. அந்த நிலம் திரும்பியபோது எந்தப் பட்டாவிலும் கட்சிப் பெயர் எழுதியிருக்கவில்லை.

இன்றைய நற்செய்தி ஒரு வாக்குறுதியோடு முடிகிறது. இரண்டு மூன்று பேர் தம் பெயரால் கூடும் இடத்தில் தாம் இருப்பதாக ஆண்டவர் சொல்கிறார். செபக்கூட்டத்துக்கு ஆள் குறையும்போது ஆறுதலுக்காக நாம் எடுத்துச் சொல்லும் வாக்கு இது. ஆனால் ஆண்டவர் இதைச் சொன்ன இடம் வேறு. மனம் கசந்து பிரிந்த இருவரை எப்படிச் சேர்ப்பது என்று பேசி முடித்த இடத்தில் இதைச் சொன்னார். அப்படியானால் அந்த இரண்டு மூன்று பேர் யார்? ஏற்கெனவே ஒத்த கருத்துள்ளவர்கள் மட்டும் என்று எப்படிச் சொல்ல முடியும்? சண்டை போட்டுப் பிரிந்து, ஒருவர் போய் மற்றவரைப் பார்த்து, மறுபடியும் ஒன்றாக உட்கார்ந்தவர்களும் அவர்கள்தான். அங்கே ஆண்டவர் நிச்சயம் இருக்கிறார்.

ஆகையால், பிரியமானவர்களே, இரண்டு காரியம் உங்களிடம் கேட்கிறேன். அரசியலின் பெயரால் பேச்சை நிறுத்திய ஒருவரது பெயரை இப்போதே, இந்தத் திருப்பலியில், மனத்துக்குள் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வருவதற்குள் அவர் வீட்டுக்கு நீங்களே போங்கள். அவர் முதலில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வரும் அக்டோபர் 2ஆம் நாள் ஊராட்சிகளில் கிராம சபை கூடும். வேறு கட்சியைச் சேர்ந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு அங்கே போங்கள். குடிநீருக்கும் ஏரிக்கும் சாலைக்கும் இருவரும் சேர்ந்து எழுந்து பேசுங்கள். உங்கள் வாதங்களை விட வேண்டாம், உங்கள் கட்சியையும் விட வேண்டாம். உங்கள் சகோதரரை மட்டும் விட்டுவிடாதீர்கள். வரதராசன்பேட்டை அலங்கார அன்னையும் ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையும் அந்த மன உறுதியை நமக்குத் தம் மகனிடம் கேட்டுப் பெற்றுத் தருவார்களாக. ஆமென்.